பொன்னாடையும் முன்னுதாரணமும்

1

கௌரவித்தல் ஒரு மொழி. யாரை எழுவாயாக வைப்பது, எந்த வினையைச் சொல்லாமல் விடுவது என்பதற்கெல்லாம் அதில் இலக்கணம் உண்டு. நமது கல்லூரிகளில் மார்ச் 8-ஐ ஒட்டி நடக்கும் மகளிர் தின விழாக்களில், 'மாணவத் தலைவர்களுக்கான வழிகாட்டல்' என்ற பெயரில் சாதனைப் பெண்களை மேடையேற்றும் சடங்கு ஒன்று நிலைபெற்றுவிட்டது. அந்தச் சடங்கை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் இருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய பகுதியில் வசிப்பவள் நான். சுற்றுவட்டாரக் கல்லூரிகள் சிலவற்றுக்கு இப்படிப் பேசப் போயிருக்கிறேன். நிகழ்ச்சி நிரல் எங்கும் ஒன்றுதான். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, விருந்தினரின் பட்டங்களும் பதவிகளும் அடங்கிய அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு, 'இவரைப் போல நீங்களும் வரவேண்டும்' என்ற வாழ்த்து, நன்றியுரை, நாட்டுப்பண். கேள்வி கேட்க மட்டும் நேரம் இருப்பதில்லை. "பசங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடும் மேடம்" என்பார்கள். ஒருமுறை பஸ் தாமதமானதால் கேள்விக்கு இடம் கிடைத்தது. வகுப்புப் பிரதிநிதியாக இருந்த ஒரு பெண் எழுந்தாள். "மேடம், அவங்க கலெக்டர் ஆனது, டாக்டர் ஆனது எல்லாம் சரி. எங்க வயசுல, எங்கள மாதிரி ஒரு காலேஜ்ல இருந்தப்போ யார எதிர்த்துப் பேசினாங்க? பேசினதுக்கு என்ன ஆச்சு? அத மட்டும் யாரும் சொல்லவே மாட்டேங்கறாங்களே?" அரங்கில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் ஆசிரியர்களும் உண்டு.

இந்தக் கேள்வியின் கூர்மையைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்மாதிரி, முன்னுதாரணம் என்ற இரண்டையும் ஒரே பொருளில்தான் வழங்கி வருகிறோம். இங்கே வேறுபடுத்திக் கையாள்கிறேன். முன்மாதிரி என்பது பார்த்து வியந்து, அதைப்போல் ஆக முயல்வதற்கு உரியது. முன்னுதாரணம் என்பது எடுத்துக் காட்டி வாதாடுவதற்கு உரியது. வழக்கறிஞர் ஒரு பழைய தீர்ப்பைக் கையில் எடுப்பது அதை எழுதிய நீதிபதியைப்போல் ஆவதற்கு அல்ல. 'அன்றைக்கு இது முடிந்தது, ஆகவே இன்றைக்கும் முடியும், முடியாதென்றால் காரணம் சொல்' என்று எதிராளியை நெருக்குவதற்குத்தான். அந்த மாணவிக்குக் கொடுக்கப்பட்டது முன்மாதிரி. அவள் கேட்டது முன்னுதாரணம்.

அல்தூஸர் தமது 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையில், கருத்தியல் மனிதர்களை 'விளித்து'த் தன்னிலைகளாக ஆக்குகிறது என்றார். 'இவரைப் போல நீயும்' என்ற வாழ்த்தும் ஒரு விளிப்புதான். அதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கும் பெண் தன்னைத் தனியாளாக, உழைத்தால் உயரக்கூடிய ஒருத்தியாக மட்டுமே அடையாளம் காண்கிறாள். அருகில் அமர்ந்திருக்கும் தோழியோடு சேர்ந்து எதையாவது கோரக்கூடிய ஒருத்தியாக அல்ல. மாணவத் தலைவர்களுக்கென்று நடத்தப்படும் நிகழ்ச்சி தலைமைக்கு ஆதாரமான அந்தக் கூட்டுத்தன்மையையே விட்டுவிடுகிறது என்பது கவனிக்கத்தக்க முரண்.

2

பெண்களைக் கௌரவிக்கும் விஷயத்தில் எங்கள் ஊரைப் பழிக்க முடியாது. அருணாசலேஸ்வரர் கோயிலின் வடக்குக் கோபுரத்துக்கே ஒரு பெண்ணின் பெயர்தான் வழங்குகிறது. அம்மணி அம்மன் கோபுரம், 171 அடி. செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்திலிருந்து வந்த துறவியான அம்மணி அம்மாள், முடியாமல் கிடந்த கோபுரத்தை வீடுவீடாகப் பணம் திரட்டியும் மைசூர் அரண்மனை வரை போய்க் கேட்டும் கட்டி முடித்தார் என்பது வழிவழிச் செய்தி.

எங்கள் தெருவில் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறார்கள்? "கூலிக்குக் காசு இல்லேன்னா அம்மா திருநீறு அள்ளிக் குடுப்பாங்களாம். வேலை செஞ்சவன் வீட்டுக்குப் போயி மடியைப் பிரிச்சுப் பார்த்தா அது கூலிக் காசா இருக்குமாம்." அழகான கதைதான். ஆனால் அந்தக் கதைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு பெண் பணம் திரட்டியிருக்கிறாள். கல்லும் சுண்ணாம்பும் வாங்கியிருக்கிறாள். கொத்தனாரையும் சிற்பியையும் வைத்து வேலை வாங்கியிருக்கிறாள். கூலிக் கணக்குத் தீர்த்திருக்கிறாள். அரண்மனை வாசலில் காத்திருந்து பேசியிருக்கிறாள். இத்தனை நிர்வாகமும் திருநீற்றுக்குள் மறைந்துபோகிறது. அற்புதம் என்பது இங்கே உழைப்பை அழிக்கும் இலக்கணம். அம்மணி அம்மாளைக் கும்பிடலாம். அவரிடமிருந்து கணக்கு எழுதக் கற்றுக்கொள்ள வழியில்லை.

இரண்டாவது இலக்கணம் தாய்மை. இன்று ரமணாசிரமம் இருக்கும் இடத்துக்கு அடித்தளமாக இருப்பது ஒரு பெண்ணின் சமாதி. 1916-இல் மகனுடன் வந்து தங்கிய அழகம்மாள் ஸ்கந்தாசிரமத்தில் சமையலைத் தொடங்கினார். 1922 மே 19-இல் காலமானார். மலையின் தென்அடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ரமணர் மலையிலிருந்து இறங்கி அந்தச் சமாதி அருகே வந்து தங்கிவிட, அதைச் சுற்றித்தான் ஆசிரமம் வளர்ந்தது. சமாதியின் மீது எழுந்த கோயிலுக்கு 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. கோயிலின் பெயர் மாத்ருபூதேஸ்வரர். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவரின் வடமொழிப் பெயரும் இதுவேதான். அங்கே ஈசன் தாயாகிறான். இங்கே தாய் ஈசனாகிறாள். இரண்டு இடத்திலும் பெயர்ப்பலகையில் நிற்பது 'தாய்' என்ற உறவுதான். அழகம்மாள் என்ற பெயர் அதில் இல்லை.

மூன்றாவது இலக்கணம் சேவை. கணவரையும் குழந்தைகளையும் இழந்து மண்டக்கொளத்தூரிலிருந்து வந்த எச்சம்மாள், 1945-இல் இறக்கும்வரை ரமணருக்கு உணவு கொண்டுவந்தார். பிற்காலத்தில் ஆசிரமச் சமையலறையில் சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் போன்றவர்கள் வேலை செய்தார்கள். பெரும்பாலும் கைம்பெண்கள். நாளெல்லாம் அங்கே சமைத்தவர்கள் இருட்டுவதற்குள் வளாகத்தைவிட்டு வெளியேறிவிட வேண்டும். இரவில் பெண்கள் அங்கே தங்கக் கூடாது என்பது அக்கால விதி. இவர்களுடைய நினைவுக்குறிப்புகள் அச்சாகியிருக்கின்றன. அவற்றைப் படிப்பவருக்குக் கிடைப்பது வெறும் அடிமைத்தனத்தின் சித்திரம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பம் என்ற சிறையிலிருந்து தப்பி வந்த பெண்கள் தாமே தேர்ந்துகொண்ட ஒரு வாழ்வின் சித்திரமும் அது. 'சேவை' என்ற ஒற்றைச் சொல் இந்தத் தேர்வையும் மறைக்கிறது, அந்த விதியையும் மறைக்கிறது.

அற்புதம், தாய்மை, சேவை ஆகிய இந்த மூன்று இலக்கணங்களும் ஆன்மிகத்துக்கு மட்டும் உரியவை அல்ல. கல்லூரி மேடையில் விருந்தினரை அறிமுகப்படுத்தும்போது "வீட்டையும் கவனிச்சுக்கிட்டு, வேலையையும் பார்த்துக்கிட்டு, எப்படித்தான் முடியுதோ" என்கிறார்களே, அதில் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. 'எப்படித்தான் முடியுதோ' என்பது திருநீறு காசாகும் கதையின் நவீன வடிவம். தேசியவாதம் உலகை அகம், புறம் என்று பிரித்து, அகத்தின் காவலாகப் பெண்ணை நிறுத்தித்தான் பெண் பற்றிய கேள்வியைத் 'தீர்த்து'க்கொண்டது என்று பார்த்தா சாட்டர்ஜி 1989-இல் எழுதினார். புறத்திலும் சாதித்த பெண்ணை மேடையேற்றும்போதும், அகத்தை அவள் கைவிடவில்லை என்று சான்றிதழ் வாசித்தாக வேண்டியிருக்கிறது.

ஆனால் இதே மலையடிவாரத்தில் வேறொரு பெண்ணும் இருந்தார். காவ்யகண்ட கணபதி முனிவரின் மனைவி விசாலாட்சி. 1917-இல் ரமணருடன் நடந்த உரையாடல்களைக் கணபதி முனிவர் வடமொழியில் ரமண கீதையாகத் தொகுத்தார். அதன் பதின்மூன்றாம் அத்தியாயம் விசாலாட்சி எழுப்பிய இரண்டு கேள்விகளைக் கொண்டது. இல்லறத்தில் தடைகள் எழுந்தால் பெண்கள் துறவு கொள்ளலாமா? ஞானமடைந்த பெண் இறந்தால் உடலை எரிப்பதா, அடக்கம் செய்வதா? பெண்ணின் துறவுக்குத் தடையில்லை, முக்தியில் ஆண் பெண் பேதமில்லை, அத்தகையவளின் உடலை எரிக்கக் கூடாது, அது கோயில் என்பது கிடைத்த விடை. ஐந்தாண்டுகள் கழித்து அழகம்மாள் இறந்தபோது இந்த விடை ஏற்கெனவே எழுத்தில் இருந்தது. அவர் எரிக்கப்படவில்லை.

விசாலாட்சியின் கேள்வி கணவர் வாயிலாகத்தான் கேட்கப்பட்டது என்று அந்த நூலே சொல்கிறது. நேராகக் கேட்க முடியாத இடத்திலிருந்து கேட்கப்பட்ட அந்தக் கேள்விதான் ஒரு விதியை அசைத்தது. நான் சொல்லும் முன்னுதாரணம் இதுதான். இவ்வூரில் ஒரு கல்லூரி மாணவத் தலைவிக்குக் காட்டத்தக்க பெண் யாரென்று கேட்டால் நான் விசாலாட்சியைத்தான் சொல்வேன். அவருக்கு இங்கே கோபுரமில்லை.

3

கௌரவித்தலின் இன்னொரு விளைவு, பெண்களுக்கிடையிலான சண்டைகளை அது துடைத்தெறிந்துவிடுவது. மேடைப் பின்னணிப் பதாகையில் படங்கள் வரிசையாக இருக்கும். அந்தப் படங்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. தேவதாசி முறை ஒழிப்பை எடுத்துக்கொள்வோம்.

முத்துலட்சுமி ரெட்டி (1886-1968) புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் சமூகத்தவர். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில், எதிர்ப்பையும் மீறி அரசர் அனுமதித்ததால் சேர்ந்தவர். 1912-இல் மருத்துவப் பட்டம். 1927-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவர். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இதெல்லாம் அறிமுக உரையில் வரும். வராதது அவர் வேலை செய்த முறை. 1929-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாசிகள் கோயில் பணிக்கு ஈடாக அனுபவித்த மானிய நிலங்களை அந்தப் பணியிலிருந்து விடுவித்து, அந்தப் பெண்களுக்கே உரியதாக்குவதே அதன் சாரம். ஒழுக்கம் பற்றிய பிரசங்கத்தால் அல்ல, நிலத்துக்கும் பொட்டுக்கும் இருந்த முடிச்சை அவிழ்ப்பதால் ஒரு முறையைத் தளர்த்தலாம் என்று அவர் கண்டார். முழுமையான தடைச் சட்டம் வர 1947 ஆயிற்று.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883-1962) அதே முறைக்குள் வளர்ந்தவர்; காங்கிரஸிலிருந்து சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தவர். 1936-இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதினார். 1938-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையில் 55 வயதில் நடந்தார். அவருக்கு வாய்த்த கௌரவத்தைப் பாருங்கள். 1989-இல் தமிழக அரசு தொடங்கிய திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. கல்யாணம் மறுக்கப்பட்ட பெண்களுக்காகப் போராடியவர் என்ற வகையில் அதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் திருமணம் என்ற நிறுவனத்தையே விசாரணைக்கு உட்படுத்திய இயக்கத்தைச் சேர்ந்தவரின் பெயர் தாலிக்குத் தங்கத்தோடு சேர்ந்தது. 2022-இல் அதே பெயரில் அத்திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக, புதுமைப்பெண் என்ற பெயரோடு மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய். எனக்குத் தெரிந்த மாணவிகள் அதை "ஆயிரம் ரூவா வந்துடுச்சு" என்று சொல்கிறார்கள். மூவலூர் ஒரு ஊர் என்பதோ, இராமாமிர்தம் ஒரு நாவலாசிரியர் என்பதோ பேச்சில் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் போய்ச் சேர்கிற இடத்துக்குக் கதை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இனி மூன்றாமவர். பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878-1952). முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சிகளை எதிர்த்து விண்ணப்பம் கொடுத்த தேவதாசிகளின் பக்கம் நின்றவர். தாங்கள் கலைஞர்கள், தங்களுக்குச் சொத்துரிமை உண்டு, தங்களைக் கேட்காமல் தங்களைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம் என்பது அவர்கள் வாதம். இதே நாகரத்தினம்மாள்தான் தம் சொந்தப் பணத்தில் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர். அங்கே ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றபோது, 1920-களின் கடைசியில் பெண்களுக்குத் தனி ஆராதனை நடத்திக்காட்டியவர். பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சை அரசவைக் கவிஞர் முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தைத் தேடிக் கண்டெடுத்து 1910-இல் பதிப்பித்தவரும் அவரே. ஆபாசம் என்று ஆங்கில அரசு மறு ஆண்டே அதைத் தடை செய்தது. சுதந்திரத்தை ஒட்டித்தான் தடை நீங்கியது.

ஒரு பெண் தனக்கு முன்னிருந்த பெண்ணை எப்படிக் கௌரவிப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் அந்த 1910 பதிப்பு. அவர் முத்துப்பழனிக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. அவர் எழுதியதை முழுமையாக அச்சிட்டார். அதற்கான வசையையும் தடையையும் ஏற்றுக்கொண்டார்.

இப்போது இந்த மூவரையும் ஒரே பதாகையில் 'சாதனைப் பெண்கள்' என்று போட்டால் என்ன ஆகிறது? சட்டம் கொண்டு மீட்பதா, மீட்கப்படுகிறவர் சம்மதம் வேண்டாமா, கலையை யார் கையில் ஒப்படைப்பது என்ற அந்தக் காலத்துக் கடும் விவாதம் மூன்று புன்னகைகளாகச் சுருங்குகிறது. மாணவர் தலைமை என்பதே தோழிகளோடு முரண்படவும் முரண்பட்டபின் சேர்ந்து நிற்கவும் கற்பதுதான் என்றால், அவர்களுக்குத் தேவை இந்த விவாதமே.

4

வெற்றி என்ற அளவுகோலையும் விசாரிக்க வேண்டும். ராஜஸ்தானில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-இல் கூட்டு வன்புணர்ச்சிக்கு ஆளானார். 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவ்வகையில் அவர் தோற்றவர். ஆனால் அவருக்கு நேர்ந்ததை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. அதன் வழியில் 2013-இல் சட்டம் வந்தது. 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். புகார் மாணவர் தொடர்பானதென்றால் குழுவில் மூன்று மாணவர்கள் இடம்பெற வேண்டும். அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கின்றன அவ்விதிகள்.

இந்த இடத்தில்தான் 'மாணவத் தலைவர்' என்ற சொல்லுக்கே பொருள் கிடைக்கிறது. நமது சூழலில் பல கல்லூரிகளில் மாணவத் தலைவர் என்பவர் துறைத்தலைவர் கைகாட்டிய, நல்ல மதிப்பெண் வாங்கும், 'பிரச்சினை பண்ணாத' மாணவர். விழாவில் விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுப்பது அவரது கடமை. அவர் யாரையும் பிரதிநிதித்துவப்படுத்துவதில்லை, ஏனெனில் யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. புகார்க் குழுவுக்கு மூன்று பேரைத் தேர்தல் வைத்து அனுப்பு என்று விதியைக் காட்டிக் கேட்கிற மாணவிதான் தலைவி. அவளுக்குப் பின்னால் பன்வாரி தேவி நிற்கிறார். ஆனால் தோற்ற வழக்கின் பெண்ணைச் 'சாதனையாளர்' என்று அழைக்க நமது விழாக் குழுக்களுக்கு வாய் வருமா?

ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். "முதல் தலைமுறையாப் படிக்க வர்ற பொண்ணு. அவ வீட்ல, தெருவுல ஒரு பட்டதாரிப் பொம்பளைய பார்த்ததில்ல. ஒரு பெண் அதிகாரியைக் கண்ணால பார்க்கிறதே அவளுக்குப் பெரிய விஷயம். அதையும் வேணாங்கறீங்களா?" என்று ஓர் ஆசிரியத் தோழி கேட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணால் காண்பதன் சக்தியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு முகத்தை மட்டும் காட்டி அனுப்பும்போது, வழியில் இருந்த கதவுகள் தாமாகத் திறந்தன என்ற பொய்யும் சேர்ந்தே போகிறது. மறுநாள் அவள் முன்னால் ஒரு கதவு மூடிக்கொள்ளும்போது, குறை தன்னிடம்தான் என்று அவள் நம்பிவிடுகிறாள். உதவித்தொகை யார் கையெழுத்தால் கிடைத்தது, விடுதியில் எந்த விதியை மீறினார், யாரோடு சேர்ந்து மனு எழுதினார், எந்த மனு நிராகரிக்கப்பட்டது என்று அதே அதிகாரி இருபது நிமிடம் பேசினால், அந்த முகமே முன்னுதாரணமாகிவிடும். வேண்டியதெல்லாம் பொன்னாடைக்கான நேரத்தைக் கேள்விக்குக் கொடுப்பது.

அதைவிடக் கடினமான பிரச்சினை ஞாபகம். 1914-இல் தொடங்கிய சென்னை ராணி மேரிக் கல்லூரியை இடித்துவிட்டு அங்கே புதிய தலைமைச் செயலகம் கட்ட 2003-இல் அரசு திட்டமிட்டது. மாணவிகள் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி அதே கடற்கரைச் சாலையில் இருக்கிறது. சமீப காலத் தமிழகத்தில் கல்லூரிப் பெண்கள் சேர்ந்து நின்று வென்ற பெரிய நிகழ்வு அது. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் எத்தனையோ மகளிர் தின உரைகளைக் கேட்டிருக்கிறேன். அது குறிப்பிடப்பட்டு ஒருமுறைகூடக் கேட்டதில்லை. காரணம் எளிது. அங்கே ஒரு தனி நாயகி இல்லை. பொன்னாடை ஒரு தோளுக்குத்தான் நெய்யப்படுகிறது.

மாணவர் தலைமுறை என்பது மூன்றாண்டு. முதலாண்டில் பயம், இரண்டாமாண்டில் புரிதல், மூன்றாமாண்டில் ஏதாவது செய்யலாம் என்று எழும்போது மாற்றுச் சான்றிதழ் கையில் வந்துவிடுகிறது. நூலகத்தை மாலை ஆறுவரை திறந்துவைக்கக் கோரி ஒரு வகுப்பு வென்றால், நான்காண்டுகளில் அது யாருக்கும் தெரியாது. மீண்டும் ஐந்து மணிக்குப் பூட்டும்போது 'முன்பு இப்படி இல்லையே' என்று சொல்ல ஆளில்லை. நிர்வாகத்துக்குக் கோப்பு இருக்கிறது. மாணவிகளுக்குக் கோப்பு இல்லை. சி.எஸ். லக்ஷ்மியும் தோழிகளும் 1988-இல் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ ஆவணக் காப்பகம், பெண்களின் குரலையும் படத்தையும் பதிவு செய்வதே ஒரு அரசியல் என்று காட்டியது. அந்த அளவுக்கு வேண்டாம். ஒரு கல்லூரியில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த ஆண்டில், யார் சேர்ந்து, எதைக் கேட்டார்கள், என்ன பதில் வந்தது, என்ன விலை கொடுத்தார்கள். தோற்றவையும் அதில் இருக்க வேண்டும். வருஷா வருஷம் பொறுப்பை விட்டுப்போகிற மாணவி வருகிற மாணவியிடம் அதைக் கொடுக்க வேண்டும்.

அதை யார் வைத்திருப்பது என்பதில்தான் சிக்கல். நிர்வாகத்திடம் கொடுத்தால் அது ஆண்டுமலர் ஆகிவிடும். ஆசிரியரிடம் கொடுத்தால் அவருக்கு மாறுதல் வரும். பல கல்லூரிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் அமைப்பே இல்லாத நிலையில், அந்த நோட்டுக்கு ஒரு வீடு கிடைப்பது எளிதல்ல. இதைப் படிக்கும் ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் யோசிக்க வேண்டிய விஷயம் இது. அடுத்த மார்ச்சில் யாரை அழைக்கலாம் என்று விழாக் குழு கூடும்போது, இதையும் ஒரு பொருளாக வைத்துப் பேசட்டும்.